பாண் இல்லாத பாண் அருங்காட்சியகத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கோயம்புத்தூரில் முப்பது வருடமாக பேக்கரி நடத்தும் அப்பாவை ஜேர்மனிக்குக் கூட்டி வருகிறீர்கள். உல்ம் நகரில் ரொட்டிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்கு ஒரு நாளை ஒதுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். போய் வந்த ஒருவரோ, "உள்ளே ஒரு ரொட்டிகூட இல்லை, படம்தான் மாட்டி வைத்திருக்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டாராம். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது, முப்பது வருடம் மாவோடு புழங்கிய ஒரு மனிதருக்கு அங்கே கண் நிற்க ஏதாவது இருக்குமா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பேக்கிங் வரலாறு என்று சொல்லப்படுவதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு கதை என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பேக்கரியில் மூன்று வருடம் முறைப்படி தொழில் பழகி, பிறகும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். எங்களுக்கு அது பாண். நீங்கள் பிரெட் என்று வாசித்துக்கொள்ளுங்கள். பாண் என்பது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பாண் சுடும் அடுப்புக்கு ஊரில் சொல்லும் போறணையும் அவர்களுடையதுதான். உல்ம் அருங்காட்சியகத்துக்கு முதன்முதலில் தொழிற்கல்லூரி வகுப்போடு போனேன், அதற்குப் பிறகு ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரோடு பல தடவை. மாவைப் பற்றியும் நெருப்பைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். ஓவியங்களைப் பற்றிச் சொல்வதை ஒரு பேக்கரிக்காரன் கண்ணால் பார்த்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் விஷயம். உள்ளே பாண் இல்லை என்பது முழு உண்மை. அது கவனக்குறைவு இல்லை, கொள்கை. வில்லி ஐசலன் என்பவரும் அவருடைய மகன் ஹெர்மானும் 1955இல் இதை ஆரம்பித்தார்கள். பேக்கரிகளுக்கு வேண்டிய சேர்மானப் பொருட்களைத் தயாரித்து விற்ற தொழிலதிபர்கள் அவர்கள். பாண் என்பது தினமும் புதிதாகச் சுட்டுத் தின்ன வேண்டிய சாப்பாடு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பண்டம் அல்ல என்பது அவர்கள் கருத்து. 18,000க்கு மேற்பட்ட பொருட்கள் அவர்களிடம் இருக்கின்றன. பாண் மட்டும் கிடையாது. முதல் தடவை இதைக் கேட்டபோது எங்கள் வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். இப்போது எனக்கு அது சரியென்றே படுகிறது. நேற்றுச் சுட்ட பாணையே அரை விலைக்குத் தள்ளிவிடுகிற தொழில் இது. நூறு வருடம் காய்ந்த பாணைப் பார்த்து உங்கள் அப்பா எதைக் கற்றுக்கொள்ளப் போகிறார்?

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1592இல் உப்புக் களஞ்சியமாகக் கட்டியது அது. அருங்காட்சியகம் அங்கே குடிபுகுந்தது 1991இல். உப்பு வைத்த இடத்தில் பாணின் வரலாறு இருப்பது மற்றவர்களுக்கு ஒரு தற்செயல். எனக்கு அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். பழகுநராக இருந்த இரண்டாம் வருடத்தில், தனியாக மா குழைக்கவிட்ட முதல் இரவு, 40 கிலோ மாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். போட வேண்டியது வெறும் 800 கிராம். குழைத்த மா கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, மேசையில் வைத்தால் பரந்து ஓடியது, வழக்கத்தைவிட வேகமாகப் பொங்கியது. அப்போதாவது வாயில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அறுபதுக்கு மேற்பட்ட பாண் வெளிறிப்போய், சப்பென்று வெளியே வந்தது. உப்பு ருசிக்கு மட்டும் இல்லை, மாவின் பிடிமானத்துக்கும் ஈஸ்ட்டை அடக்கி வைப்பதற்கும் அதுதான் கடிவாளம் என்பதை அன்று விடிய கற்றுக்கொண்டேன். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கும் இப்படியொரு இரவு இருந்திருக்கும்.

பழைய காலத்தில் அங்கே போனவர்கள் சொல்வதும் இப்போது போனவர்கள் சொல்வதும் ஒத்துப்போகாததற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் அதன் பெயர் ஜேர்மன் பாண் அருங்காட்சியகம். பிறகு பாண் பண்பாட்டு அருங்காட்சியகம் ஆனது. 2019இல் உள்ளே எல்லாவற்றையும் மாற்றியமைத்து, 'பாணும் கலையும்' என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். நான் வகுப்போடு போன காலத்தில் கருவிகள்தான் மனதில் நின்றன: மா அரைக்கும் கல், குழைக்கும் மரத்தொட்டி, அச்சுகள், பேக்கரிக்காரர் சங்கத்தின் சின்னங்கள். இப்போது கலைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறார்கள். ரெம்ப்ராண்ட், கேத்தே கொல்விட்ஸ், பிக்காசோ, டாலி என்று பெரிய பெயர்கள் அந்தச் சேகரிப்பில் உண்டு. படம்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டவர் கருவிகளை எதிர்பார்த்துப் போயிருப்பார். அவர் மேல் தவறில்லை. ஆனாலும் கருவிகள் போய்விடவில்லை, நின்று பார்க்கத்தான் வேண்டும்.

நின்று பார்ப்பது என்றால் எப்படி? நான் யாரைக் கூட்டிப் போனாலும், பொருளின் பெயரை வாசிக்கும் முன் அதன் தேய்மானத்தைப் பாருங்கள் என்பேன். பழைய மரத்தொட்டி எதைப் பார்த்தாலும் ஒரு பக்க விளிம்பு மற்றப் பக்கத்தைவிட வழுவழுவென்று உள்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரம் வருவதற்கு முன் குழைப்பவன் நாள்தோறும் ஒரே பக்கம் நின்று, விளிம்பில் தொடையை முட்டுக்கொடுத்து, உள்ளே குனிந்து மாவைத் தூக்கி அடிப்பான். அடுப்புக்குள் பாணைத் தள்ளும் நீண்ட கட்டையின் நுனி கருகியிருக்கும். கைபிடியோ கை பட்ட இடத்தில் மட்டும் மினுங்கும். பிரம்புக் கூடைகளும் அப்படித்தான். சுட்ட பாணின் மேல் வட்ட வட்டமாக மா வரி தெரிகிறதே, அது அழகுக்கென்று போட்டதல்ல. பொங்க வைத்த கூடையின் பிரம்புச் சுருள் பதிந்த தடம் அது. இந்த மாதிரி விஷயங்களை உங்கள் அப்பாதான் உங்களுக்குச் சொல்லித் தருவார். ஒலி வழிகாட்டியைவிட அவரை நம்புங்கள்.

தொழில்காரன் என்ற முறையில் அங்கே எனக்குப் பெரிதாகப் பட்டது பாண் எப்படி வந்தது என்ற பகுதி அல்ல, பாண் இல்லாமல் போன காலங்களின் பகுதிதான். போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், அதற்காகவே போங்கள் என்பேன். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தை மூட, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. உல்ம் இருக்கும் வூர்ட்டம்பேர்க் நாட்டில் விடாமல் மழை, குளிர். பயிர் வயலிலேயே அழுகியது. 1817இல் பஞ்சம் உச்சத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் நினைவுக்காக வார்த்த சிறு பதக்கங்கள் தெற்கு ஜேர்மனியில் பல இடங்களில் இருக்கின்றன. ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய். சுற்றிவர, "எனக்குப் பாண் தா, பசிக்கிறது" என்று எழுதியிருக்கும். வூர்ட்டம்பேர்க் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் 1818இல் ஹோகன்ஹைமில் விவசாயக் கல்லூரி தொடங்கியதும் இந்தப் பஞ்சத்தின் பின்தான். இன்று அது பல்கலைக்கழகம்.

இதில் ஒரு பேக்கரிக்காரனுக்கு மட்டும் விளங்கும் கொடுமை ஒன்று உண்டு. அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்தால் கதிரில் இருக்கும்போதே தானியம் முளைவிடத் தொடங்கும். முளைவிடும் தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி பெருகி, மாப்பொருளைச் சீனியாக உடைக்கும். அந்த மாவில் சுட்ட பாணின் மேல்தோல் கருத்துச் சிவக்கும். நடுப்பகுதி வேகாத களி மாதிரி கத்தியில் ஒட்டும். அதாவது பஞ்சக் காலத்தில் தானியம் குறைகிறது, கிடைக்கும் கொஞ்சமும் ஒழுங்கான பாணாக வராது. ரை என்ற தானியத்தில் இந்தத் தொல்லை இயல்பாகவே அதிகம். அதன் மாப்பொருள் அடுப்பில் இளகத் தொடங்கும் சூட்டிலும் அந்த நொதி சாகாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவேதான் இங்கே ரை பாணுக்குப் புளித்த மா கட்டாயம். புளிப்பு நொதியைக் கட்டிப்போடும். நாங்கள் தோசை மாவைப் புளிக்க வைப்பது போல, ருசிக்காகவும் மா பொங்கி வருவதற்காகவும்தான் என்று நானும் தொடக்கத்தில் நினைத்தேன். ரையில் புளிப்பு இல்லாவிட்டால் நடுவில் பசைதான் மிஞ்சும்.

முதலாம் உலகப் போர்க் காலத்துக்கு வந்தால், 1914 கடைசியிலேயே பாண் மாவில் உருளைக்கிழங்கு கலக்கச் சட்டம் போட்டார்கள். 1915 தொடக்கத்தில் பாண் அட்டை வந்தது. அட்டையில் சிறு சிறு சதுரங்கள், வெட்டிக் கொடுத்தால்தான் பாண். அப்படியான அட்டைகளைப் பார்த்தால் இலங்கையிலிருந்து வந்த யாரும் ஒரு நிமிடம் பேசமாட்டார்கள். எங்கள் வீட்டில் கூப்பன் புத்தகம் என்ற சொல்லே போதும், அப்பா எழுபதுகளுக்குப் போய்விடுவார். இறக்குமதி கட்டுப்பட்டு மா தட்டுப்பட்ட அந்த வருடங்களில், விடியப்புறம் எழுந்து பாண் வரிசைக்குப் போக வேண்டும். பிந்திப் போனால் வெறும் பையோடு திரும்ப வேண்டும். அவரை உல்முக்குக் கூட்டி வந்தபோது ஓவியங்களை வேகமாகக் கடந்து போனார். அட்டைகளின் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "இவங்களும் வரிசையில நிண்டவங்களோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கேத்தே கொல்விட்ஸ் 1924இல் செய்த கல்லச்சுப் படம் ஒன்றின் தலைப்பே 'பாண்!' என்பதுதான். தாய் முதுகைக் காட்டி நிற்கிறாள், இரண்டு பிள்ளைகள் சேலைத்தலைப்பைப் பிடிப்பது போல அவள் உடையைப் பிடித்து இழுக்கின்றன. அவள் முகம் நமக்குத் தெரியாது. அவரது வேலை இந்தச் சேகரிப்பில் இருப்பதால் சொல்கிறேன். எந்த நேரத்தில் எந்தப் படம் சுவரில் தொங்கும் என்பது கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐசலன் குடும்பம் தொழிலை விற்ற பிறகு அமைத்த அறக்கட்டளைக்கு, 'பாண் உண்டாகட்டும்' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களைப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பின் வாசகமும் அதுவே. உலகப் பசி பற்றிய ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் போகிறது. இந்த அருங்காட்சியகம் ஏன் கேக் அலங்காரத்தையும் சொக்கலேட்டையும் காட்டாமல் பசியைக் காட்டுகிறது என்பது இதை அறிந்தால் விளங்கும். பிள்ளைகளோடு குதூகலமாக ஒரு பொழுது போக்கத்தான் தேடுகிறீர்கள் என்றால் இது அந்த இடம் இல்லை.

இரண்டாவது கேள்வி, பேக்கிங் வரலாறு என்று சொல்லப்படுவதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு கதை என்பது. நல்ல கேள்வி, ஏனென்றால் எங்கள் தொழிலில் கதைகள் அதிகம். உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஜோர்தானில் சுபைக்கா என்ற இடத்தில் ஓர் அடுப்பிலிருந்து எடுத்த கருகிய துண்டுகள் ஏறத்தாழ 14,400 வருடம் பழையவை. தட்டையான ரொட்டி அது. மனிதர் விவசாயம் தொடங்குவதற்கு ஏறக்குறைய 4,000 வருடம் முன்பே, காட்டுத் தானியத்தைப் பொறுக்கி அரைத்துச் சுட்டிருக்கிறார்கள். 2018இல் வந்த முடிவு இது. அதற்கு முன் அச்சிட்ட நூல்களிலும் பலகைகளிலும் விவசாயத்துக்குப் பிறகுதான் ரொட்டி என்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

பொங்கிய பாணை எகிப்தியர் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள், யாரோ குழைத்த மாவை மறந்துவிட்டுத் தூங்கிப்போனார்கள் என்ற கதை எல்லா இடத்திலும் சொல்லப்படும். நானே பழகுநர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எகிப்தில் புளித்த பாண் இருந்தது நிச்சயம். கல்லறைகளில் வைத்த பாண்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அங்கேதான் முதலில், அப்படித்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. மாவும் தண்ணீரும் சூடான நாளில் ஒன்றாக இருந்தால் எந்த ஊரிலும் பொங்கும். அதைவிட மோசமான கதை, 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது பேக்கரிக்காரர்கள் பிறைவடிவில் குரோசோன் செய்தார்கள் என்பது. வியன்னாவில் பிறைவடிவப் பலகாரம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டது, அவுகுஸ்ட் ஸாங் என்பவர் 1830களின் கடைசியில் பாரிசில் வியன்னா பாணி பேக்கரி திறந்த பிறகு. வெண்ணெய் மடித்து அடுக்கடுக்காகச் செய்வது அதற்கும் பின்னால் வந்தது.

ஈஸ்ட் பற்றி அப்பா கேட்பார். பொட்டலத்தில் வரும் அழுத்திய ஈஸ்ட் 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அதற்கு முன் புளித்த மா, இல்லையென்றால் பியர் வடிப்பவர்களிடம் வாங்கிய நுரை. ஊரில் அப்பத்துக்குக் கள்ளு விடுவதும் இதே கணக்குத்தான். நுரைக்குள் இருக்கும் உயிர்தான் புளிக்க வைக்கிறது என்று லூயி பாஸ்டர் காட்டியது 1850களின் பின்பகுதியில். அதுவரை ஆயிரக்கணக்கான வருடம் பேக்கரிக்காரர்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமலே சரியாகச் செய்தார்கள்.

மிகப் பழைய பாணைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உல்ம் வேண்டாம், இத்தாலிக்குப் போங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது பொம்பேயியில் ஓர் அடுப்புக்குள்ளேயே 81 பாண் கருகி நின்றுவிட்டது. 1862இல் அடுப்பைத் திறந்து எடுத்தார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் கால பாண்கள் இருக்கின்றன: வட்டமாக, எட்டுத் துண்டாகப் பிய்க்க வசதியாகக் கீறியவை. அடுத்த ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒன்றில் முத்திரை இருக்கிறது. கிரானியுஸ் வேருஸ் என்பவரின் அடிமை செலெர் என்று அதில் வாசிக்கலாம். சுட்டவன் பெயரா, பொது அடுப்பில் மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்காரர் போட்ட அடையாளமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் அது ஊகம்.

நிறை விஷயத்தையும் தவறவிடாதீர்கள். பழைய ஐரோப்பாவில் பல நகரங்களில் பாணின் விலை மாறாது, நிறைதான் மாறும். தானியம் விலையேறினால் அதே காசுக்குச் சிறிய பாண். நேரம் இருந்தால், ஜேர்மனியின் இன்னொரு நகரான பிரைபூர்க்கில் பேராலயத்தின் வாசல் மண்டபத்தில் கல்லில் கீறிய பாண் அளவுகளைப் பாருங்கள். 1270, 1317, 1320 என்று ஆண்டு போட்டிருக்கும். சந்தையில் வாங்கிய பாணைக் கொண்டுபோய் அதில் ஒப்பிடலாம், ஏமாற்றினால் தண்டனை. இலங்கையில் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கிறதா என்று இன்றும் சண்டை நடக்கிறது. அப்பா நிறை குறைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஸ்ருட்கார்ட்டிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் உல்ம் வந்துவிடும். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஒன்றரை மணி நேரம் உள்ளே போதும், ஆகவே முழு நாள் இதற்கு மட்டும் வேண்டாம். பக்கத்தில் 161 மீட்டருக்கு மேல் உயரமான கோபுரத்தோடு பேராலயம் இருக்கிறது. 768 படி, அப்பாவைக் கீழேயே இருத்திவிட்டு நீங்கள் ஏறுங்கள். திறக்கும் நேரம், ரிக்கெற் விலை எல்லாம் அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்தில் முதல்நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போகும் முன்பே காலையில் ஒரு சிறிய பேக்கரிக்குப் போங்கள். சுவாபிய பிரெட்செல், அதாவது இந்தப் பகுதியில் முடிச்சுப் போட்ட மாதிரி வளைத்துச் சுடும் பாண், ஒன்று வாங்கி, மேலே மெலிந்த கையையும் கீழே கீறித் திறந்த வயிற்றையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். சோடியம் ஹைட்ரொக்சைட்டை நாலு சதவீதம் வரை கரைத்த தண்ணீரில் தோய்த்துச் சுடுவதால்தான் அந்தச் செம்பழுப்பு நிறம். நீங்கள் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: பிரெட்செல் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்க்கும் பழக்கம் இங்கே பழையது. இப்போது பலர் வெண்ணெயோ எண்ணெயோதான் போடுகிறார்கள், இருந்தாலும் "ஷ்மால்ட்ஸ் இருக்கிறதா" என்று ஒரு சொல் கேட்டுவிடுங்கள். உல்முக்கே உரிய இனிப்புப் பாண் ஒன்று உண்டு, உல்மர் சுக்கர்புரோட் என்று கேளுங்கள். பன்னீரும் பெருஞ்சீரகமும் வாசம் வரும், அப்பாவுக்குப் பிடிக்கும். கடைசியாக ஒரு ரை பாண், ஒரு கிலோ, வெட்டாமல் முழுதாக வாங்குங்கள். வாங்கிய அன்று வெட்ட வேண்டாம், உள்ளே இன்னும் ஈரம் இறுகியிருக்காது. துணியில் சுற்றி வைத்து அடுத்த நாள் மெல்லிசாக வெட்டிக் கொடுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் மேல்தோல் ரப்பர் ஆகிவிடும்.